வண்டியில் இடமில்லை

தம்பிமாரே, தங்கைகளே,

நம் ஆம்புலன்ஸ்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பழைய ஆள் என்ற முறையில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். பேசினால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பாதி மலையாளமாகவும் மீதி கெட்ட வார்த்தையாகவும் போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் நிதானமாக வாசித்துவிடுங்கள்.

தொழில் சமாச்சாரம் எதுவும் இதில் இல்லை. ஃப்ரீசர் பெட்டியை எந்த அறையில் வைப்பது, சிதைக்கு மாமரம் வெட்ட ஆளை எங்கே பிடிப்பது, பிணம் எரிக்கும் கேஸ் அடுப்பைக் கொண்டுவருகிறவன் சொன்ன நேரத்துக்கு வருவானா மாட்டானா என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது நம் வாயில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றி.

போன மழைக்காலத்தில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக்குச் சொந்தக்காரனாகப் போயிருந்தேன். இறந்தவர் வயதானவர். எத்தனை மணிக்கு எடுப்பது என்று முற்றத்தில் மருமகன்மார் இரண்டு பேர் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவருடைய மனைவி, பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உங்களில் ஒருவனிடம் மெல்லக் கேட்டார்: "மக்கா, இன்னும் இத்திரி நேரம் இவர இஞ்ச வெச்சிருக்க ஒக்குமா?"

நம் பையன் சொன்ன பதில் இது: "அம்மா, குடும்பக் காரியத்தில நாங்க எடபெடமாட்டோம். எல்லாரும் கூடிப் பேசி ஒரு தீருமானம் சொல்லுங்க, அதுபோல செய்யலாம்."

சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையிட மாட்டானாம்! பக்கத்தில் இருந்தவர்கள், "நல்ல மரியாதயுள்ள பயல்" என்று மெச்சினார்கள். அந்த அம்மா கேட்டது கொஞ்ச நேரம். அதுவும் தன் புருஷனோடு இருக்க. முற்றத்தில் யாரும் தன்னைக் கேட்கவில்லை என்பதால்தான் நம்மிடம் கேட்டார். நம் பையன் அவரை மறுபடியும் முற்றத்துக்கே அனுப்பிவைத்தான். அவர் போகவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் மருமகன்மார் வந்து எடுக்கச் சொன்னார்கள், எடுத்தீர்கள்.

அவனை அறையவேண்டும் போல் இருந்தது. அறையும் யோக்கியதை எனக்கில்லை. அந்த வாக்கியம் நான் இந்தப் பகுதியில் வருடக்கணக்காகப் புழங்கவிட்ட சரக்கு. என்னிடம் வேலை பார்த்தவர்கள் தனியாக வண்டி வாங்கியபோது அதையும் கூடவே கொண்டுபோனார்கள். நீங்கள் அவர்களிடம் கற்றீர்கள்.

எனக்குக் கற்றுத்தந்தவர் பாறசாலையில் என் முதல் முதலாளி. தனுவச்சபுரத்தில் பி.ஏ. படித்துவிட்டு, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதித் தோற்று, கடைசியில் அவருடைய ஆம்புலன்சில் ஏறினேன். கூடப் படித்தவர்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று, "எலே, பி.ஏ.க்காரன் சவவண்டி ஓட்டுதான்" என்று சிரித்த காலம். முதல் நாளே முதலாளி சொன்னார்: "சாவு வீட்டில நாம வண்டி ஆக்கும், கேட்டியா. வண்டிக்கு வாய் கெடையாது. ஆராக்கும் பொறுப்புன்னு மட்டும் கேளு. அவரு சொல்லுதத செய்யி. மத்தவங்க கண்ணப் பாக்கப்படாது, பாத்தா வேல ஓடாது." அவர் கெட்டவர் இல்லை. இல்லாதப்பட்ட வீடுகளுக்குச் சும்மா வண்டி விட்டவர். அதனால்தான் அவர் சொன்னதை நான் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. கெட்டவர் சொல்லித்தந்திருந்தால் அடுத்த வருடமே விட்டிருப்பேன்.

இனி ஜெசிந்தாவின் கதை, நான் சொந்த வண்டி ஓட்டிய காலத்தில் நடந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னுடைய பங்கை மாற்றவில்லை.

ரவீந்திரன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஜெசிந்தா கோட்டுகால் பக்கத்துக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அவர் இந்து, இவள் லத்தீன் கத்தோலிக்கப் பெண். ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். இரண்டு வீட்டுக்காரர்களும் கதவை அடைத்தார்கள். பாறசாலையில் என் வண்டிக் கொட்டகைக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். குழந்தை இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து மரச்சீனிக் கிழங்கு வாங்க நடந்து போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ரவீந்திரனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் டயாலிசிஸ் தொடங்கியது. நோயாளிக்குத் துணை நிற்கும் ஆளை நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்பார்கள். ரவீந்திரனின் பைஸ்டாண்டர் தொடக்கம் முதல் கடைசி வரை ஜெசிந்தா ஒருத்திதான். அவருக்கு அண்ணன் ஒருவர் உண்டு. ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரெல்லாம் சுகுமாரன் சார் என்று சொல்லும். மது என்று ஒரு தம்பி. தனுவச்சபுரத்துக்கு உள்ளே ஒதுங்கி அவர்களுடைய குடும்ப வீடு. இரண்டு பேரில் ஒருவர்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

அவர் ஒரு காலையில் இறந்தார். ஜெசிந்தா என்னை ஃபோனில் கூப்பிட்டாள். "அண்ணே, எங்க ஆளு போயிட்டாரு. வண்டி கொண்டுட்டு வாருங்க. வீட்டுக்குக் கொண்டு போணும். அவருக்க அண்ணனுக்கும் தம்பிக்கும் சொல்லியிருக்கேன், அவங்களும் வந்து ஒருவாட்டி காணட்டும்."

கவனியுங்கள். வண்டியைக் கூப்பிட்டது அவள். அவர்களுக்குச் சொன்னதும் அவளே.

நான் போய்ச் சேர்ந்தபோது வார்டில் சுகுமாரன் சாரும் மதுவும் சொந்தக்காரர்கள் சிலரும் நின்றார்கள். ஜெசிந்தா கீழே பில் கவுண்டரில் வரிசையில். பணம் கட்டினால்தான் விடுவார்கள். கட்டும் வேலையை மட்டும் அவளுக்கு விட்டுவைத்திருந்தார்கள்! நான் முதலாளி சொல்லித்தந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஆராக்கும் பொறுப்பு?"

"நானாக்கும். எனக்க தம்பி இது" என்றார் சார்.

"எங்கோட்டு கொண்டு போணும்?"

"குடும்ப வீட்டுக்கு."

"இல்ல சாறே... அவங்க கீழ..."

"எந்த அவங்க?"

அப்படிக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் குனிந்து ஸ்ட்ரெச்சரின் கொக்கியைச் சரிசெய்தேன். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் இவ்வளவுதான். ஒரு பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரிக்க இதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

குலுங்கும்போது கை சரிந்து வெளியே விழாமல் இருக்க, இரண்டு கைகளையும் மேலே சேர்த்து வைத்துத் துணியால் கட்டினேன். வண்டியில் ஏற்றினோம். பின் கதவை அடைக்கப் போகும்போது ஜெசிந்தா ஓடி வந்தாள். ஒரு கையில் பில், மறுகையில் அவருடைய பிளாஸ்கும் லுங்கியும் வைத்த பை.

"அண்ணே, நில்லுங்க. நானும் வாறேன்."

உள்ளேயிருந்து மது சொன்னான்: "இடமில்ல. ஆட்டோ பிடிச்சு வரட்டும்."

ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. அங்கே யாரோ ஒருவருடைய குடை இருந்தது. நான் அந்தக் குடையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அண்ணே, நானாக்கும் உங்கள விளிச்சது."

நான் சொன்னேன்: "மோளே, குடும்பக் காரியத்தில நான் எடபெடப்படாது. நீங்க எல்லாரும் கூடிப் பேசி ஒரு தீருமானத்துக்கு வாங்க." சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய் ஏறிச் சாவியைத் திருப்பினேன். எல்லாரும் எங்கே கூடிப் பேசுவது? ஒருத்தி ரோட்டில் நிற்கிறாள், மற்றவர்கள் வண்டிக்குள் இருக்கிறார்கள், வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இதற்கு நான் வைத்த பெயர் தலையிடாமை. அவர்கள் எடுத்துக்கொண்டு போனதே என் வண்டியில். நான் இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்துத் தனுவச்சபுரம் வரை நடந்திருப்பார்களா?

குடும்ப வீட்டுக்குப் போனபோது வீட்டுத் தெற்குப் பக்கத்து வளவில் சிதை அடுக்க மாமரம் ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது. அவள் ஃபோன் செய்த உடனே வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவனுக்குத் திறக்காத கேட் பிணத்துக்குத் திறந்தது, பிறகு அடைத்தது. ஜெசிந்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். "சடங்கு தீரட்டும்" என்று அவளை உள்ளே விடவில்லை. எதிர்வீட்டு மதிலோரம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் புகை மட்டும் தெரியும்.

தீ வைத்து முடிந்து காலி வண்டியோடு நான் திரும்பும்போது கையை நீட்டி ரோட்டுக்கு நடுவே வந்தாள். வண்டியை ஒதுக்கி எடுத்தேன். "எனக்கு வேற ஓட்டம் உண்டு மோளே" என்று சன்னல் வழியே கத்திவிட்டுப் போனேன். எனக்கு அன்று வேறு ஓட்டம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சோறு தின்றேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'யார் பொறுப்பு' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் சத்தம் கூடிய ஆள்தான் பதில் சொல்வான். வெள்ளை வேட்டி கட்டியவன், காரில் வந்தவன், நேற்றுவரை எட்டிப் பார்க்காதவன். 'ராத்திரி கூட இருந்தது யார், மருந்து எடுத்துக் கொடுத்தது யார்' என்று கேளுங்கள். எல்லார் கண்ணும் ஒரு மூலைக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் போய், நின்றுகொண்டு பேசாமல், உட்கார்ந்து பேசுங்கள். பிறகு முற்றம் கோபித்தால் கோபிக்கட்டும்.

சில வாரம் கழித்து ஜெசிந்தா என் கொட்டகைக்கு வந்தாள். அதற்குள் சஞ்சயனம் நடந்து, எலும்பெடுத்து அஸ்தியைக் கடலில் கரைத்து, விருந்தும் கழிந்து, பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அந்தப் பந்தலும் என்னுடையதுதான்.

"இருங்க மோளே" என்றேன்.

"இருக்க வரல்ல. கேக்க வந்தேன். எங்க ஆளுவள்ல அங்க நின்னது நீங்க மட்டுமாக்கும்."

எங்கள் ஆள்! அவள் என்னைத் தன் பக்கத்து ஆளாகக் கணக்கு வைத்திருந்தாள். ஏனென்றால் கூப்பிட்டது அவள்.

"ஆரு தீ வெச்சது?"

"மது."

"கரஞ்சாரா?"

"கரஞ்சான். சாறும் கரஞ்சாரு."

அவர்கள் அழுததைக் கேட்டுத் தலையாட்டினாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டாள்: "கைய கெட்டினீங்களா அண்ணே?"

"கெட்டினேன்."

"இடது கையையுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஊசி ஏற்ற ஒரு கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்து வைப்பார்கள். அந்தக் கையில் பை தொங்கவிடக் கூடாது, வாட்ச் கட்டக் கூடாது, அதன்மேல் சரிந்து படுக்கவும் கூடாது. அந்த இடம் அடைத்துப்போனால் உயிருக்கே ஆபத்து. ரவீந்திரனுக்கு அது இடது கை.

"ஆமா."

"இறுக்கியா?"

"ஆமா மோளே. இறுக்கித்தான் கெட்டினேன்."

அவள் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். "பி.பி. பாக்கக்கூட அந்தக் கையக் குடுக்கமாட்டேன் அண்ணே. எப்பவும் சண்ட பிடிப்பேன்னு நர்சுமாரு எனக்கு வழக்காளின்னு பேரு வெச்சிருந்தாங்க. 'வழக்காளி வந்தாச்சு, கைய மாத்துங்க'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

செத்த உடம்புக்கு அதெல்லாம் என்ன என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேறு வேலைக்குப் போங்கள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாதவன் என்ன செய்வான்? வழி சொல்லத் தொடங்கினேன். சர்ச்சில் ஃபாதரைப் பாருங்கள், வார்டு மெம்பரைப் பாருங்கள், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பராதி கொடுங்கள்...

அவள் சிரித்தாள். "எல்லாரையும் கண்டாச்சு. ஃபாதர் நல்ல மனுஷன். பூசையில பேரு சொல்லித் தாறேன்னாரு. 'ஆனா மோளே, கல்லறைன்னு ஒண்ணு வேணும்னா அடக்க ஒடம்பு வேணுமே'ன்னாரு. மெம்பரு, 'சேச்சி, இது குடும்பக் காரியமாக்கும்'ன்னாரு. ஸ்டேஷன்ல, 'எரிச்ச பொறவு என்னத்த மீட்டுத் தரது'ன்னு கேட்டாங்க. எனக்க அண்ணன், 'நான் அண்ணைக்கே சொன்னேன்லா'ன்னு சொல்லிட்டு வலைய எடுத்துட்டுப் போயிட்டான். ஆனா ஒண்ணு அண்ணே, எனக்க அண்ணன் ஒருத்தனத் தவிர எல்லாரும் நல்ல மரியாதயாட்டு ஆக்கும் பேசினாங்க. நாற்காலியெல்லாம் போட்டுத் தந்தாங்க. இப்பம் நீங்களும் இருக்கச் சொன்னீங்க."

துக்கத்தோடு வருகிறவரை இந்த ஊரில் யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அடுத்த வாசலைக் காட்டுவோம். அடுத்த வாசலும் அப்படியே செய்யும். எல்லா வாசலும் தீர்ந்த பிறகு அந்த ஆள் வீட்டுக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். நாம் எல்லாரும், நம்மால் ஆன உதவியைச் செய்தோம் என்று சொல்லிக்கொள்வோம்.

"உங்களுக்கு என்னவாக்கும் வேணும், மோளே?" அந்தக் கேள்வியை நான் அன்று முதன்முதலாகக் கேட்டேன்.

"அவரு கெடந்த எடத்த ஒருவாட்டி காணணும். அவரு தனிச்சு இருக்கமாட்டாரு அண்ணே. மெஷீன்ல கெடக்கும்போ எனக்க விரலப் பிடிச்சிட்டுக் கெடப்பாரு. 'நீ எறங்கிப் போவாத'ன்னு சொல்லுவாரு. போவமாட்டேன், கடைசி வர நிப்பேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். பில்லு அடைக்கப் போனேன். அதுக்குத்தான் போனேன்."

மறுநாள் காலையில் வரச் சொன்னேன். முன்கூட்டியே தனியாகப் போய் சாரிடம் பேசிப் பார்க்கலாம் என்று முதலில் தோன்றியது. அதுதான் மரியாதையான வழி. போயிருந்தால் சார் காப்பி தந்து, "பாப்போம், சமயம் வரட்டும்" என்று சொல்லியிருப்பார். நானும் அதை அப்படியே கொண்டுவந்து அவளிடம் ஒப்புவித்திருப்பேன். அதனால் போகவில்லை. காலையில் ஆம்புலன்சை எடுத்தேன். அவளை முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

சைரன் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வீட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டுக்கு முன்னால் எஞ்சினை நிறுத்துவதற்குள் மதில்மேல் தலைகள் வந்துவிட்டன.

"அய்யோ, ஆராக்கும் போனது?"

"சாறு நேத்து சந்தையில நின்னாரே!"

ஒருவர் ஃபோனை எடுத்து, "எடே, சுகுமாரன் சார் போயிட்டாருன்னு தோணுது" என்று யாருக்கோ சொல்லவும் தொடங்கிவிட்டார். அப்போது தோளில் துவர்த்துத் துண்டோடு சார் வெளியே வந்தார். "எனக்கென்னடே? நான் இஞ்ச உண்டு!" என்று அவரைப் பார்த்துக் கத்திவிட்டு, என்னிடம் திரும்பினார். "ஆரு விளிச்சது வண்டிய?"

"ஆரும் விளிக்கல்ல சாறே. அண்ணைக்கு இடமில்லன்னு ஒரு ஆள ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு வந்தோமே, அவங்களக் கொண்டு வந்திருக்கேன்."

ஜெசிந்தா இறங்கி நின்றாள். மது ஓடி வந்தான். "எடோ, நீ வண்டிக்காரன். வண்டிய எடுத்துட்டுப் போவும்."

"போவேன். அவங்க கண்டுட்டு வரட்டும்."

சார் குரலைத் தாழ்த்தினார். "உள்ள வாரும். பேசலாம்."

"இஞ்ச நின்னே பேசலாம் சாறே." வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணைக்கு வண்டிய விளிச்சது இவங்களாக்கும். எல்லாம் அறிஞ்சோண்டே இவங்கள விட்டுட்டு எடுத்தவன் நானாக்கும். ஆரு கேட்டாலும் நான் செய்த தப்பு இதுன்னு சொல்லுவேன். ஸ்டேஷன்ல கேட்டாலும் சொல்லுவேன். அப்பம் வண்டிக்குள்ள ஆரெல்லாம் இருந்தாங்கன்னும் சொல்லுவேன்."

மதிலுக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அந்தப் பெண்ணா அது? காணட்டும் சாறே. காணுததுக்கு என்ன கேடு?"

சார் மதிலைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்க்கவே இல்லை. கேட்டைத் திறந்தார். "சீக்கிரம் ஆகட்டும்" என்றார். மனசாட்சி திறந்த கேட் அல்ல அது, அயல்வீட்டுக் கண்கள் திறந்தது. அந்தக் கண்களுக்குப் பயந்தே நானும் இவ்வளவு காலம் வாயை மூடியிருந்தேன். ஒரு தடவையாவது அந்தப் பயம் எதிர்ப்பக்கத்துக்குப் போகட்டும் என்றுதான் ஆம்புலன்சைக் கொண்டுபோனேன்.

தெற்கு வளவில் பார்க்க ஒன்றும் இல்லை. மண்ணைக் கொத்தி நிரவி, சுற்றிலும் வாழைக்கன்று வைத்து, நடுவில் ஒரு தென்னம்பிள்ளை நட்டிருந்தார்கள். ஜெசிந்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தல எந்தப் பக்கம்?"

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மது செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"தெக்கே" என்று நான் கையைக் காட்டினேன்.

அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டு, மேற்குப் பக்கமாகச் சுற்றி வந்து வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். தெற்கே தலைவைத்து மல்லாந்து கிடந்தவருக்கு இடது கைப் பக்கம் அது. உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். அழுத்தாமல், சும்மா தொட்டமாதிரி. மறுகையால் இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்துச் சத்தமாகத் தொடங்கினாள்.

அந்த ஜெபம் இரண்டு பாதியாக இருக்கும். முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியைச் சுற்றி இருப்பவர்கள் சொல்ல வேண்டும். சாயங்காலம் கடற்கரை வீடுகளைக் கடந்து நடந்தால் இரண்டு பக்கமும் அது கேட்கும். ஜெசிந்தா பழக்கத்தில் தன் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. அவளே மறுபாதியையும் சொல்லிக்கொண்டு ஜெபமாலையின் அடுத்த மணிக்குப் போனாள். மறுபடியும் முதல் பாதி. மறுபடியும் நிறுத்தம்.

"இதென்ன, இஞ்ச வெச்சு..." என்று சார் என்னிடம் முணுமுணுத்தார்.

எனக்கு அந்த மறுபாதி தெரியும். நான் சின்ன வகுப்புகள் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். மத்தியானக் கஞ்சிக்கு முன்னால் தினமும் சொல்லியிருக்கிறோம். வாய்ப்பாடு மாதிரி நாக்கில் கிடக்கிறது. மரண நேரத்துக்காக வேண்டிக்கொள்வது அந்தப் பாதிதான். வாயைத் திறந்தால் போதும், வந்துவிடும். சார் ஒரு கை தூரத்தில் நின்றார். என் வாய் திறக்கவில்லை. கேட்டில் அவ்வளவு வீரம் பேசிய வாய்.

மூன்றாவது தடவை ஜெசிந்தா நிறுத்தியபோது அடுக்களை வாசலிலிருந்து ஒரு குரல் மறுபாதியைச் சொன்னது. சாரின் மனைவி லதா. கையில் கரண்டியோடு படியிறங்கி வந்தார். ஒரு சொல் பிசகாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லும் அதே வேகத்தில் சொன்னார். அவரும் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

"லதே!" என்றார் சார்.

"நீங்க சும்ம இருங்க" என்றார் அவர். "அவன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பம் ஒருவாட்டி போயிட்டு வாறேன்னு நான் எத்தன தடவ கேட்டேன்?" கரண்டியை வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜெசிந்தாவின் அருகில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் என் வாய் திறந்தது. நான் அங்கே இரண்டாவது ஆள். இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்தவன், குற்றம் செய்தவன், பரிகாரம் செய்ய வண்டி எடுத்துக்கொண்டு வந்தவன், அப்படிப்பட்ட நானே இன்னொருவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்து நின்றேன். நீங்கள் போகும் வீடுகளில் எல்லாம் அடுக்களையிலிருந்து ஒரு லதா இறங்கி வரமாட்டார்.

ஜெபமாலையில் இன்னும் நிறைய மணிகள் மீதி இருந்தன. சார் வீட்டுக்குள் போய் டி.வி.யைச் சத்தமாக வைத்தார். ஜெசிந்தா தன் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். லதாவும் நானும் டி.வி.யை விடச் சத்தமாக மறுபாதியைச் சொன்னோம்.